கொதிச்சாறின தண்ணி

குணேஸ்வரி இறந்துபோய்ப் பதினான்கு மாதங்களாகியும் அந்த வீட்டில் தண்ணீர் கொதிப்பது நிற்கவில்லை. விமலநாதன் காலை ஆறரைக்கு எழும்புவார். முகம் கழுவிவிட்டுக் குசினிக்குப் போய், மனைவியின் பெரிய எவர்சில்வர் பானையைக் குழாயின் கீழே வைத்துக் கழுத்துவரை நிரப்பி அடுப்பில் ஏற்றுவார். கொதி வந்தபிறகு இன்னும் ஐந்து நிமிடம். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களில் ஊற்றுவார். ஒரு காலத்தில் தோடம்பழச் சாறு வந்த பெரிய போத்தல்கள். ஒன்றின் வயிற்றில் ஒட்டியிருந்த நாடாவில் ‘ஆறினது’ என்றும் மற்றதில் ‘ஆறாதது’ என்றும் எழுதியிருந்தது. குணேஸ்வரியின் எழுத்து. ‘ஆ’வின் சுழியை அவள் எப்போதும் கொஞ்சம் அதிகமாகச் சுழிப்பாள்.

ஆறினதில் முதல் தம்ளர் அவளுடைய படத்துக்கு முன்னால் போகும். இரண்டாவது தம்ளர் அவருக்கு.

பிரெஞ்சு பேசுகிற குளிர் ஊரான லாசாலில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. குணேஸ்வரி பக்கத்துத் தெருவில் இருந்த கார்டறி என்ற குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றின் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள். அவர் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒரே மகள் சிவாஜினி கலியாணம் முடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

முதல் பிள்ளைப்பேற்றுக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். மார்புப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்த கடைசிக் கிழமையில் குணேஸ்வரி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது சிவாஜினி கர்ப்பமாகவும் இல்லை. அதற்கு ஒரு வருடத்துக்கு முன் நாலாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்து, அவள் யாரோடும் கதைக்காமல் இருந்த நேரம் அது.

“ஒரு நாளைக்கு அவளுக்குப் பிள்ளை வரும். வரேக்க இங்க கூப்பிட்டு வைச்சிருங்கோ. நான் இல்லையெண்டாப்போல இது தாய்வீடு இல்லாமப் போயிடுமே?”

“போகாது” என்று சொல்லியிருந்தார் விமலநாதன். தாய்வீட்டை ஒரு தகப்பன் எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் தொடக்கத்தில், வாசலில் கடைசிப் பனி கறுத்துப்போய்க் கிடந்த ஒரு நாள், சிவாஜினி தொலைபேசியில் வந்தாள்.

“அப்பா, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?”

“சொல்லு, பேந்து யோசிப்பம்.”

“நான் அங்க வந்து நிக்கிறதெண்டால் தண்ணிக்கு ஒரு வழி செய்யவேணும்.”

“தண்ணிக்கு என்ன? கொதிச்சாறின தண்ணிதானே பிள்ளை.”

“அதுதான் அப்பா பிரச்சினை.”

கலைந்த பிள்ளைக்குக் காரணம் எதுவும் மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. காரணம் கிடைக்காத இடத்தில் சிவாஜினி இரசாயனங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாள். ஒட்டாத சட்டி வீட்டைவிட்டுப் போனது. பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிகள் போயின. தாளில் இரசாயனப் பூச்சு இருக்கிறதென்று கடைச் சிட்டையைக் கையால் வாங்குவதையும் விட்டாள். எங்கே போனாலும் துணிச்சட்டை போட்ட ஒரு கண்ணாடிப் போத்தலில் தன் தண்ணீரைத் தானே கொண்டுபோனாள். தகப்பன் வீட்டுக்கு வரும்போதும்தான். சாப்பாட்டு மேசையில் அந்தப் போத்தல் வந்து உட்காரும்போது விமலநாதனுக்கு நெஞ்சில் எங்கோ ஒரு சின்ன இடம் நோகும். அவர் சொன்னதில்லை.

அன்றைக்கு அவள் விளக்கமாகச் சொன்னாள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். இது கிருமி இல்லை. உடம்பு தன்னுடைய ஹோர்மோன் என்று நினைத்து ஏமாறுகிற இரசாயனங்கள். சட்டியின் பூச்சில் இருந்து, பிளாஸ்ரிக்கில் இருந்து, மனிதர் விழுங்கும் மாத்திரையில் இருந்து ஆற்றுக்கு வருபவை. இருப்பது மிகமிகக் கொஞ்சம்தான். ஆனால் கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், அவற்றில் பல அப்படியே இருக்கும். அதோடு சூட்டுத் தண்ணீரைப் பிளாஸ்ரிக்கில் ஊற்றினால் அதிலிருந்தும் கொஞ்சம் இறங்கும்.

“டொக்டர் பயப்பிடச் சொல்லேல்லை அப்பா. குறைக்கக்கூடியதைக் குறை, மற்றதை விடு எண்டவ. என்னாலதான் விட ஏலாமக் கிடக்கு.”

“சரி பிள்ளை. நான் பாக்கிறன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு போத்தல்களையும் பார்த்தார். ஆறினது. ஆறாதது. அவை இத்தனை வருடமும் சூட்டோடுதான் நிரம்பின. ஒரு கேள்வி வந்து வாசலில் நின்றது. அதை உள்ளே விடாமல் எழும்பிப்போய் இரண்டையும் வெறுமையாக்கி, அலுமாரியின் உச்சியில் வைத்தார். எறிய மனம் வரவில்லை.

விமலநாதன் தண்ணீர் வடிகட்டி தேடுகிற செய்தி கோயிலில் எப்படியோ பரவ, பேரின்பநாதன் வந்து சேர்ந்தான். பகலில் வாகனம் ஓட்டி, சனி ஞாயிறில் தண்ணீர் இயந்திரம் விற்கிறவன். சப்பாத்தைக் கழற்றுமுன்பே இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்டான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் தான் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் தொங்கிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைக் கொடுத்தான். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மண்ணிறமாகிச் சேறுபோலத் திரண்டது. அவனுடைய தண்ணீர் அப்படியே இருந்தது.

“பாத்தியளே அண்ணை? இதைத்தான் இவ்வளவு காலமும் குடிச்சனீங்கள்.”

விமலநாதன் குசினிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, பேரின்பநாதனின் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கினார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“இப்ப கரண்டைக் குடும் பாப்பம்.”

அதுவும் துருப்போல மண்ணிறமானது. முதலாவதைவிட மோசமாக.

“கம்பி இரும்பு ஐசே. உப்பிருந்தால் கரண்ட் ஓடும், ஓடினால் கறள் வரும். இது தண்ணியின்ர அழுக்கில்லை, உம்மட கம்பியின்ர கறள்.”

பேரின்பநாதன் கருவியை மெல்லச் சுருட்டினான். “அண்ணை, நீங்கள் ஊரிலை என்ன வேலை செய்தனீங்கள்?”

“பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலை பன்ரண்டு வருசம். மாஸ்ரர்மார் உடைக்கிற போத்தலெல்லாம் கூட்டிப் பெருக்கினவன்.”

“கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ என்ன?”

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

தேநீரை வாங்கி இரண்டு மிடறு குடித்தபிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. “எந்தத் தண்ணியிலை போட்டது?”

“நீர் இப்ப கறளாக்கினீரே, அதே குழாய்த் தண்ணியிலைதான்.”

பேரின்பநாதன் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னான்: “ஆர் விக்கிறான் எண்டு பாக்காதைங்கோ அண்ணை. பெட்டியிலை சான்று நம்பர் இருக்கும், அதைப் பாருங்கோ. என்ர மெசினுக்கு அது இல்லை.” விற்க வந்தவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதை விமலநாதன் பிறகு பலருக்கும் சொல்லிப் புகழ்ந்தார். கம்பிக் கதையை மட்டும் சொல்லவில்லை.

எந்தச் சான்று நம்பர்களைப் பார்க்கவேண்டும் என்று சிவாஜினியும் எழுதி அனுப்பியிருந்தாள். 42 மட்டும் போட்டிருந்தால் குளோரின் மணமும் ருசியும்தான் குறையும், அது காணாது. ஈயத்துக்கும் அதுபோன்றவற்றுக்கும் 53. பிளாஸ்ரிக்கில் இருந்தும் மருந்தில் இருந்தும் வருகிற சிலவற்றுக்கு 401. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே பூட்டுகிற பெரிய வடிகட்டி என்றால் 58. நம்பர் இருந்தாலும் எந்த இரசாயனத்துக்கு என்று பின்பக்கப் பட்டியலில் பெயர் பார்க்கவேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் ஆய்வுகூட எழுத்தில் அழகாக எழுதிவைத்தார்.

முதலில் பெரியதைத்தான் நினைத்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹென்றியிடம் கேட்டபோது அவன் தொட்டியின் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“நோ, நோ, மெஸ்யூ விமலா. மேடைக் கல்லிலே துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார்.”

“என் மகளுக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது” என்றார் விமலநாதன், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

ஹென்றி திரும்பவும் தொட்டியடிக்குப் போனான். பிறகு துளை போட முடியாததற்கு ஈடாகக் குழாயின் வாயைக் கழற்றி, உள்ளே இருந்த சல்லடையில் அடைத்திருந்த மண்ணையும் துருவையும் தட்டிக் காட்டிவிட்டு, புதுச் சல்லடை ஒன்று போட்டுத் தந்தான். கேட்காமலே செய்த வேலை.

ஆக, கூசாதான் வழி. கரி வடிகட்டி வைத்த, மேலே ஊற்றினால் கீழே இறங்குகிற கூசா. நியூமன் தெருவில் பேருந்து எடுத்து ஒரு பெரிய கடைக்குப் போனார். ஒரு தட்டு முழுக்கக் கூசாக்கள். எல்லாப் பெட்டியிலும் நீலத் துளியும் சிரிக்கிற குடும்பமும். கண்ணாடியைக் கழற்றி, பெட்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். 42. 42. 42. ஒன்றில் 42-ம் 53-ம். முக்கால் மணி நேரம் அப்படி நின்றதைப் பார்த்த கடைப்பெண் வந்து, யாருக்கு என்று கேட்டாள்.

“மா ஃபிய்” என்றார். என் மகள். வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டி, “பெபே.”

அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். தமிழ் விளங்காவிட்டாலும் நம்பர்கள் விளங்கின. கீழ்த்தட்டின் உள்ளே கையை விட்டு, சிரிக்கிற குடும்பம் இல்லாத ஒரு சாதாரணப் பெட்டியை எடுத்தாள். 42, 53, 401. அதோடு விடாமல் தன் கைத்தொலைபேசியில் சான்று கொடுக்கிறவர்களின் பட்டியலைத் திறந்து, பெட்டியின் மாதிரி எண் அதிலே இருக்கிறதா என்று அவரையே படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். இருந்தது. அவள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று பேருந்தில் ஏறியபிறகுதான் நினைத்தார். அந்தக் குறை அவருக்கு இன்றைக்கும் உண்டு.

வீட்டுக்கு வந்து பெட்டியின் தாளை மேசையில் விரித்தார். பின்பக்கத்தில் இரசாயனங்களின் பெயர்கள், எத்தனை வீதம் குறையும் என்ற கணக்கு. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பழைய ஆய்வுகூடத்தின் அலுமாரி வாசனை வந்ததுபோல இருந்தது. முன்பக்கத்தில் எப்படிப் பாவிப்பது என்று படம் போட்டிருந்தது. ஒரு கூசாவில் தண்ணீர் ஊற்ற யாரும் படித்துத் தரவேண்டுமா? அதைப் படிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு எழும்பினார். முகம் கழுவினார். பானையை நிரப்பிக் கொதிக்கவைத்தார். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் புதுக் கூசாவில் ஊற்றினார். வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, முதல் தம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்து, “குடிச்சுப் பாரும், எப்பிடி எண்டு” என்றார்.

இரண்டு கிழமைகள் போயின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவாஜினியும் அவள் கணவன் பிருந்தனும் வந்தார்கள். சாப்பாட்டுக்குத்தான் வருகிறோம் என்றுதான் சொல்லியிருந்தாள். தங்குவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விமலநாதனும் கேட்கவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, பருப்பு வைத்து, விளைமீன் பொரித்திருந்தார். மேசையில் அவளுடைய கண்ணாடிப் போத்தல் வந்து உட்கார்ந்தது.

“இனி அது தேவையில்லை பிள்ளை. வந்து பார்” என்று அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிருந்தனும் பின்னால் வந்தான்.

கூசாவின் மூடியை றப்பர் வளையத்தால் கட்டியிருந்ததை முதலில் பார்த்தவன் பிருந்தன். “மாமா, றப்பர் போட்டுக் கட்டியோ விக்கிறாங்கள்?”

“மூடி சரியில்லை தம்பி. வந்து நாலு நாளிலை வளைஞ்சு போச்சு. ஆனா தண்ணி நல்லா மெல்லமா இறங்குது. மெல்ல இறங்கினால்தானே நல்லா வடியும்?” என்று சொல்லிக்கொண்டே, அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த பானையை எடுத்துக் கூசாவில் ஊற்றினார். மெல்லிய ஆவி எழும்பியது.

“அப்பா!”

அவர் கை நின்றது.

“சூட்டுத் தண்ணியே ஊத்துறியள்?”

“கொதிக்கவைக்காமல் எப்பிடி? கிருமிக்கு நெருப்பு, மற்றதுக்குக் கரி. ரெண்டு காவல்.”

சிவாஜினி மேசையில் கிடந்த தாளை எடுத்து முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நீலக் கூசா ஒன்று, பக்கத்தில் வெப்பமானி, அதன்மேல் பெரிய சிவப்புக் கோடு. குளிர்ந்த தண்ணீர் மட்டும்.

“சூட்டோட ஊத்தினால் கரி பிடிச்சதையும் விட்டுடும் அப்பா. கூசாவும் பிளாஸ்ரிக். மூடி ஏன் வளைஞ்சது எண்டு நினைக்கிறியள்?”

விமலநாதன் பானையைக் கீழே வைத்தார். பேரின்பநாதனின் கம்பியைக் கண்டுபிடித்த மூளை. பன்னிரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் நின்ற மனிசன். மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. இனி இந்த வீட்டுக்கு வரமாட்டன் என்றுதான் அடுத்த சொல் இருக்கும் என்று காத்திருந்தார்.

“ரெண்டு கிழமையா நீங்கள் இதைத்தானே குடிச்சனீங்கள்?” என்றாள் அவள்.

“ஓம்.”

“வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லையே? தலையிடி, ஒண்டும்?”

“எனக்கென்ன பிள்ளை. நான் உனக்கெண்டு…”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். “அம்மா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பா. பில்ரருக்குள்ள சுடுதண்ணி! அம்மா பில்ரரையே அவிச்சிருப்பா!” பிருந்தனும் சிரித்தான். சிவாஜினியின் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

அது அடங்கியபிறகு, வாசலில் பல நாளாக நின்ற கேள்வியை விமலநாதன் உள்ளே விட்டார்.

“பிள்ளை, அந்தப் பழைய போத்தலுகள். நாங்கள் இவ்வளவு காலமும் சூட்டோட ஊத்தினது. அம்மான்ர மார்பிலை வந்தது அதாலயோ?”

சிவாஜினி கையிலிருந்த தாளை மடித்து மேசையில் வைத்தாள். பொய்யான ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“தெரியாது அப்பா. அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது. என்ர முதல் பிள்ளைக்கும் அப்பிடித்தான். நானும் எல்லா இடத்திலயும் தேடிப் பாத்திட்டன்.”

பானையில் மிச்சமிருந்த தண்ணீரிலிருந்து ஆவி குறைந்துகொண்டு வந்தது.

“உனக்கு ஞாபகம் இருக்காது” என்றார் அவர். “தொண்ணூற்றஞ்சிலை யுத்தத்தாலை இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடம் ஒண்டிலை இருந்தம். உனக்கு நாலு வயசு. ஒரு வகுப்பறைக்குள்ள பதினேழு பிள்ளையள். எல்லாருக்கும் ஒரு கிணறு. வயித்தோட்டம் தொடங்கினது. அம்மா பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கின்ர உடைஞ்ச காலை எரிச்சு, பால்மா ரின்னுக்குள்ள தண்ணி கொதிக்கவைச்சா. உனக்கு விடாய். நீ கத்துறாய். ஆறட்டும், ஆறட்டும் எண்டு ரெண்டு ரின்னுக்குள்ள மாத்தி மாத்தி ஊத்தி ஆத்துவா. நீ அவவைக் கடிச்சும் இருக்கிறாய். கொதிக்காத ஒரு துளி உன்ர வாயிலை படவிடேல்லை. அந்தப் பதினேழிலை வயித்தோட்ட வருத்தம் வராத ஆள் நீ ஒராள்தான். மூண்டு பேர் எங்களோட திரும்பி வரேல்லை.”

சிவாஜினியின் கை வயிற்றின்மேல் இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. குணேஸ்வரிக்குச் சொல்லத் தோன்றியிருக்காது. அவளுக்கு அது தண்ணீர் காய்ச்சுவது, அவ்வளவுதான்.

“அப்ப நான் இருக்கிறதே அந்தத் தண்ணியாலதான்” என்றாள் மெதுவாக.

“ஓம் பிள்ளை.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். “சரி. செய்யிற வரிசையைத்தான் மாத்தவேணும். முதல் பச்சைத் தண்ணி கூசாவுக்குள்ள. வடிஞ்சதைப் பேந்து அம்மான்ர பானையிலை கொதிக்கவையுங்கோ. ஆறினதும் கண்ணாடிக்குள்ள.”

“இந்த ஊரிலை கொதிக்கவைக்கத் தேவையில்லை எண்டுதானே நீ சொல்லுவாய்?”

“தேவையில்லைத்தான். ஆனா எனக்கு அது வேணும்.”

பிருந்தன் கார்த் திறப்பை எடுத்தான். “மாமா, பெட்டியைத் தாங்கோ, அதே நம்பர் பாத்துப் புதுசு வாங்கியாறன். இது சுகப்படாது.”

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். ஒரு கையில் புதுக் கூசா. மறு கையில் சிவாஜினியின் பெரிய உடுப்புப் பெட்டி. அது காலையிலிருந்தே காரின் பின்னால் கிடந்திருக்கிறது. இங்கே தங்கவா விடவா என்று தீர்மானிக்காமல் வந்திருக்கிறாள். விமலநாதன் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல அலுமாரியின் உச்சியிலிருந்து பழைய போத்தல்களை இறக்கினார்.

தலைமயிர் உலர்த்துகிற கருவியை மெல்லிய சூட்டில் பிடித்து, ‘ஆறினது’ என்ற நாடாவை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்தார். முழுதாக வந்தது. ‘ஆறாதது’ பாதியில் கிழிந்தது. கிழிந்ததை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். முழுதாக வந்ததைப் புதுக் கண்ணாடிப் போத்தலின் வயிற்றில் வைத்து, பெருவிரலால் இரண்டு தரம் அழுத்தினார். பழைய பசை கொஞ்சம் மிச்சமிருந்தது. பிடித்துக்கொண்டது.

பின்னேரம் முதல் தண்ணீர் வடிந்து, கொதித்து, ஆறியது. சிவாஜினி ஒரு தம்ளரைத் தாயின் படத்துக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றை நின்றபடியே குடித்து முடித்து, தகப்பனிடம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அவர் ஊற்றினார்.

அவள் கொண்டுவந்த போத்தலை யார் கழுவினார்கள் என்று தெரியவில்லை. துணிச்சட்டை கழற்றி, பாத்திரம் வடியவிடும் தட்டில் கவிழ்த்திருந்தது. அடுத்த நாளும் அது அங்கேதான் இருந்தது, அதற்கடுத்த நாளும்.